எங்கள் வீட்டு யானைக்கு நாலு பாஷை

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஜூனியரின் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். எல்லோரும் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அவன் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருக்காது. வீட்டில் சின்னக் குழந்தையின் நிலைமையும் இதேதான். அப்பா, அம்மா, பாட்டி, டீச்சர் என்று சுற்றிலும் மேலதிகாரிகள். பாவம், அதற்கென்று ஒரு பியூன்கூடக் கிடையாது.

ஐந்து வயசு என் மகளுக்கு அப்படி ஒரு ஆள் கிடைத்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 120 ரூபாய்க்கு வாங்கிய பஞ்சு யானை!

நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிய நேரம் போக, சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். திங்கள்கிழமை கிருஷ்ணகிரி, செவ்வாய் பார்டர் தாண்டி பொம்மசந்திரா, மற்ற நாட்களில் ஓசூர் சிப்காட். ராத்திரி வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். "அப்பா எங்கே போறார்?" என்று கேட்டால், "வேலைக்கு" என்பாள் என் மனைவி. அது எந்த ஊரில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் காலையில் உத்தரவு போட்டுவிட்டாள்.

"யானையைக் கூட்டிட்டுப் போ. அது பார்த்துட்டு வந்து சொல்லும்."

பொம்மசந்திராவுக்கு பொம்மையோடு போன முதல் கணக்காளர் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். டிபன் பையிலிருந்து தும்பிக்கை எட்டிப் பார்க்க, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜூஜுவாடியில் ஒரு போட்டோ, அத்திப்பள்ளியில் ஒரு போட்டோ. மறுநாள் காலையில் மகள் போனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இங்கே நம்ம எழுத்து, அங்கே வேற எழுத்து. ஏன்?" ஒரு மாநிலம் முடிந்து இன்னொரு மாநிலம் ஆரம்பிக்கிறது என்றேன். உடனே யானையின் காதைத் திருகி, "கேட்டியா? மறக்கக் கூடாது!" என்றாள்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் அவளுக்குச் சொன்னால், ஊஹூம், காதிலேயே ஏறாது. அவள் யானைக்குச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தான் தெரிந்துகொண்டாக வேண்டும். இப்போது கண்டக்டர் தோற்றார், "சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி" என்று வரிசையாகச் சொல்கிறாள்.

இது என் கண்டுபிடிப்பு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஆசைதான். ஆனால் 1995 பிப்ரவரியிலேயே மெகல்லன் என்ற கரடி பொம்மை அமெரிக்காவின் டிஸ்கவரி விண்கலத்தில் ஏறி விண்வெளிக்கே போய்விட்டது. கொலராடோ மாநிலத்து ஆரம்பப் பள்ளி ஒன்று, பிள்ளைகள் பூகோளமும் விண்வெளியும் ஆசையாகப் படிக்கட்டும் என்று அனுப்பியது. கரடிக்கு அவர்கள் கொடுத்த பதவி, 'கல்வி நிபுணர்'. புரமோஷனுக்குக் காத்திருக்கும் நண்பர்கள் பெருமூச்சு விட வேண்டாம்! 2025 ஜூன் 25-ம் தேதி நம் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியபோதும் கூடவே ஒரு குட்டி அன்னம் பொம்மை போனது. பெயர் ஜாய். அது மிதக்க ஆரம்பித்தால் எடையற்ற நிலை வந்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடும். பொம்மை மிதக்கிறது என்றால், 'ஏன்?' என்று அதுகளே கேட்கும்.

எங்கள் பக்கத்து நிஜ யானைகளும் பெரிய பயணிகள்தான். ராகி விளையும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக சானமாவு வரை கூட்டமாக வரும். ராத்திரியெல்லாம் வயலில் காவல் இருக்கிற விவசாயிக்கு அது வேடிக்கை இல்லை. இதையும் மகளிடம் சொன்னேன். அன்றிலிருந்து, "ராகியைத் தொடாதே!" என்பது எங்கள் யானைக்கு நிரந்தர உத்தரவு.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆறு வயசுப் பையன் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. மந்தம் என்று யாரோ சொல்ல, அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் யானைக்குப் பெயர் சூட்டு விழா. "யானை" என்றாள் என் மகள். "ஏனுகு" என்றார் வீட்டுக்காரப் பாட்டி. எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பெண், "ஆனெ" என்றாள். தூணைப் பிடித்தபடி நின்ற பையன் மெதுவாகச் சொன்னான்: "ஹாத்தி."

அவ்வளவுதான், யானைக்கு இரண்டாவது வாத்தியார் சேர்ந்துவிட்டார். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் அதை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள். அவன் தைரியமாக, தப்புத் தப்பாகத் தமிழ் பேசினான். யானை சிரிக்காது அல்லவா? என் காதில் விழுந்த அவனுடைய முதல் முழுத் தமிழ் வாக்கியம், "டேய், சும்மா உக்காருடா!" வாத்தியார் வேலைக்கு அதுவே பாதித் தகுதி ஆயிற்றே! பிறகு பள்ளிக்கூடத்திலும் பேச ஆரம்பித்தான்.

நீங்களும் முயற்சி செய்யலாம். ஒரே ஒரு விதி: பொம்மைக்கு எதுவும் தெரியக் கூடாது. அதன் வாயில் நம் புத்திமதியைத் திணித்தோமோ, அதுவும் இன்னொரு மேலதிகாரி ஆகிவிடும்.

போன மாதம் பையனின் அப்பாவுக்கு கான்ட்ராக்ட் முடிந்து, குடும்பத்தோடு புனேவுக்குக் கிளம்பினார்கள். மறுபடியும் புது ஊர், புது பாஷை, புது வகுப்பு. மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோவில் ஏறியவன் முகம் பழையபடி இறுகிப் போயிருந்தது. என் மகள் உள்ளே ஓடி யானையை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். "இதுக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. நீதான் சொல்லிக் குடுக்கணும்."

பத்து நாள் கழித்து போனில் ஒரு குரல் செய்தி: "அங்கிள், இங்கே ஹத்தி!" ஆக, ஐந்தாவது பாஷையும் ஆரம்பமாகிவிட்டது.

தும்பிக்கை நூல் பிரிந்த 120 ரூபாய் சொத்து. கைவிட்டுப் போனதால் 'வாராக் கடன்' என்று எழுதலாமா என்று மகளிடமே கேட்டேன். முறைத்தாள். "அது டூர் போயிருக்குப்பா. வரும்."

'வர வேண்டியவை' பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.