அப்பா ஏன் கேரம் ஆடப் போறதை நிறுத்தினார்?

1/
"டாக்டர், அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு. மூளைக்கு ஏதாவது எக்சர்சைஸ் இருக்கா? சுடோகு போடச் சொல்லலாமா?"

திருவொற்றியூர்ல கிளினிக் வச்சிருக்கேன். வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேக்குறாங்க. அதுக்கான பதில்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்ல அறுபது தாண்டினவங்க இருந்தா முழுசா படிச்சிடுங்க.

2/
நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி இது: "அப்பா முன்னாடி சாயங்காலம் எங்க போவார்? இப்பவும் போறாரா?"

பல பேர் முழிப்பாங்க. "போயிட்டுதான் இருந்தார் டாக்டர், இப்ப கொஞ்ச நாளா வீட்லயேதான்."

இந்தக் கேள்வியை எனக்கு மெடிக்கல் காலேஜ்ல யாரும் சொல்லித் தரல. என் அப்பா விஷயத்துல ரெண்டு வருஷம் கோட்டை விட்ட பிறகு நானா கத்துக்கிட்டது.

3/
அப்பா எண்ணூர் நெடுஞ்சாலையில ஒரு தொழிற்சாலையில ஃபிட்டர். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல 34 வருஷம். ஷிப்ட் முடிஞ்சு வந்தா வீட்லயும் கத்தித்தான் பேசுவார். எங்க தெருவுல பாதி வீட்ல அப்படித்தான், அதனால எங்களுக்கு அது வித்தியாசமாவே தெரியல.

ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு ஒரே ஒரு போக்கிடம். ராயபுரத்துல எங்க தெருமுனை கேரம் கிளப். ஆறு மணிக்குப் போனா ஒன்பதுக்குத்தான் வருவார். சட்டையெல்லாம் போரிக் பவுடர்.

4/
வடசென்னைக்காரங்களுக்குக் கேரம் பத்தி விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 1991-லயும் 1995-லயும் உலக சாம்பியன் ஆகி, 1996-ல அர்ஜுனா விருது வாங்கின மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடி. 2024-ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா புதுவண்ணாரப்பேட்டை, ஆட்டோ டிரைவர் மகள்.

இங்க கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பாக்கணும்.

5/
டாக்டரா அந்த போர்டைப் பாத்தா என்ன தெரியும்?

கோணம் கணக்கு போடணும். அடுத்து எதிராளி எந்தக் காயை எடுப்பான்னு யோசிக்கணும். விரலும் கண்ணும் ஒண்ணா வேலை செய்யணும். ரெட் போட்டா ஃபாலோ போடணும்னு ஞாபகம் இருக்கணும். இதுக்கு நடுவுல நாலு பேர் கிட்ட வாய்ச்சண்டை, அரசியல், யார் வீட்ல என்ன விசேஷம்ங்கிற செய்தி. ஒரே நேரத்துல மூளையோட பல பகுதிக்கு வேலை. இதை விட நல்ல மூளைப் பயிற்சியை என்னால மருந்துச்சீட்டுல எழுத முடியாது.

6/
இதுக்கு ஆராய்ச்சி இருக்கா? இருக்கு. நியூயார்க்ல 75 வயசு தாண்டின 469 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2003-ல ஒரு ஆய்வு வந்தது. புத்தகம் படிக்கிறவங்க, போர்டு கேம் ஆடுறவங்க, இசைக்கருவி வாசிக்கிறவங்க, நடனம் ஆடுறவங்களுக்கு மறதி நோய் வந்தது குறைவு.

ஆனா ஒரு சிக்கல். ஆட்டத்தை விட்டதால மறதி வந்ததா, இல்ல மறதி உள்ளுக்குள்ள தொடங்கினதால ஆட்டத்தை விட்டாங்களா? இந்த மாதிரி ஆய்வை வச்சு உறுதியா சொல்ல முடியாது. இந்தச் சிக்கலை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

7/
நம்ம பக்கத்துலயும் ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. ஹைதராபாத்ல மறதி நோய் வந்த 648 பேரைப் பாத்தாங்க, 2013-ல வெளியானது. ரெண்டு மொழி பேசுறவங்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசுறவங்களை விட சுமார் நாலரை வருஷம் தள்ளித்தான் நோய் ஆரம்பிச்சிருக்கு. பள்ளிக்கூடமே போகாதவங்க கிட்டயும் இந்த வித்தியாசம் இருந்தது.

அப்பாவோட கிளப்ல தமிழ், தெலுங்கு, உருது மூணுலயும் திட்டிக்குவாங்க!

8/
அப்பாவுக்கு 68 வயசு இருக்கும்போது கிளப்புக்குப் போறது குறைஞ்சது. அப்புறம் நின்னே போச்சு. கேட்டா "டயர்டா இருக்குப்பா"ன்னார். டிவி சத்தம் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு.

அம்மா சொன்னாங்க, "சொன்னது எதுவும் நிக்க மாட்டேங்குது." ஒரு வெள்ளிக்கிழமை பத்தி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கத்தி வாங்கிட்டு வந்தார். வீடே சிரிச்சது. நானும்தான்.

9/
நான் என்ன பண்ணேன்? பி12 பாத்தேன், தைராய்டு பாத்தேன். நார்மல். குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். டேப்ல மெமரி கேம் போட்டுக் கொடுத்தேன். அம்மா அவங்க பங்குக்கு வல்லாரைத் துவையல்.

டேப் அலமாரிக்கு மேல போச்சு. அப்பா டிவி முன்னாடி தனியா உக்காந்திருந்தார். "வயசாச்சு, இனி இப்படித்தான்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தினமும் நோயாளிகளைப் பாக்குற டாக்டர் நான்.

10/
ஒரு ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல மீன் வாங்கப் போனப்ப அப்பாவோட கேரம் கூட்டாளி ஒருத்தரைப் பாத்தேன். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அப்பாவுக்கு மறதின்னு சொன்னேன்.

"உங்க நைனாவுக்கு மறதி கிறதி ஒண்ணும் இல்ல தம்பி. இருபது வருசம் முன்னாடி நான் கோட்டை விட்ட ரெட்டை இன்னும் சொல்லிக் காட்டுவாரு. காதுதான் அவுட்டு. ஃபைனுன்னு கத்தினா கூட திரும்ப மாட்டாரு. பசங்க சிரிச்சானுங்க. அதோட வர்றதில்ல."

11/
அன்னைக்கு வீட்டுக்கு வந்து மூணு வார்த்தை சொல்லி, உடனே திருப்பிச் சொல்லச் சொன்னேன். தப்பா சொன்னார். அதே மாதிரி வேற மூணு வார்த்தையைப் பேப்பர்ல பெருசா எழுதிக் காட்டினேன். சரியா சொன்னார். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டேன். மூணும் அப்படியே சொன்னார்.

காதுல சரியா விழாத வார்த்தையை எப்படி ஞாபகம் வச்சுக்க முடியும்?

12/
நடந்தது இதுதான். 85 டெசிபலுக்கு மேல தினமும் மணிக்கணக்கா, வருஷக்கணக்கா கேட்டா உள்காதுல இருக்கிற நுண்ணிய முடி செல்கள் சாகும். செத்தா திரும்ப முளைக்காது. முதல்ல போறது உயர் அலைவரிசை. அதுலதான் க, ச, த மாதிரி வல்லின ஒலிகளை அடையாளம் காட்டுற பகுதி இருக்கு.

உயிரெழுத்து கேக்கும், மெய் நழுவும். பாலா காலா வாலான்னு தெரியாது. பத்தி கத்தி ஆயிடும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல"ன்னு பெரியவங்க சொல்றது இதைத்தான்.

13/
மறதி நோய் பத்தி லான்செட் கமிஷன் 2024-ல ஒரு அறிக்கை கொடுத்தது. மாத்தக்கூடிய 14 காரணங்களைச் சரி பண்ணினா, உலகத்துல கிட்டத்தட்ட 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்னு கணக்கு. அதுல முதல் இடத்துல ரெண்டு காரணம் இருக்கு: கெட்ட கொழுப்பு, காது மந்தம். தனிமையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. பிபி, சுகர், சிகரெட், காத்து மாசு எல்லாமே இருக்கு.

இப்ப 6-வது பதிவுக்குப் போங்க. ஆட்டத்தை விட்டதா, மறதியா, எது முதல்ல? மூணாவதா காதுன்னு ஒண்ணு அங்க ஒளிஞ்சிருக்கலாம். காது போனா கூட்டம் போகும், கூட்டம் போனா மூளைக்கு வேலை போகும்.

14/
மெஷின் மாட்டினா மறதி நோய் வராதா? அப்படிச் சொன்னா அது பொய். அமெரிக்காவுல 70 முதல் 84 வயசு வரை 977 பேரை வச்சு மூணு வருஷம் நடந்த சோதனை 2023-ல வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பாத்தா நினைவாற்றல்ல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஏற்கெனவே ஆபத்து அதிகமா இருந்த குழுவுல, காது மெஷின் போட்டவங்களுக்கு மூளைச் சரிவு 48 சதவீதம் மெதுவாச்சு.

15/
வீட்ல நீங்க கவனிக்க வேண்டியது:

- டிவி சத்தம் ஏறுதா?
- கூட்டத்துல பேச்சு புரியாம ஒதுங்குறாங்களா?
- பேரப்பிள்ளை பேசுறது, போன்ல பேசுறது மட்டும் புரியலையா?
- வழக்கமா போற இடத்துக்குப் போறதை நிறுத்திட்டாங்களா?

ஒண்ணு இருந்தாலும் இ.என்.டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சில சமயம் வெறும் அழுக்குதான் அடைச்சிருக்கும். இல்லன்னா ஆடியோகிராம் எடுப்பாங்க. நம்ம பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள அறுபது தாண்டினவங்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்துல காது மெஷின் தர்றாங்க. கேட்டுப் பாருங்க.

16/
டெஸ்ட் பண்ணாம ஆன்லைன்ல மலிவா விக்கிறதை வாங்கி மாட்டாதீங்க. எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்திவிடும், தலைவலிதான் மிச்சம்.

நல்ல மெஷின்னாலும் முதல் சில வாரம் எரிச்சலாத்தான் இருக்கும். டிராயர்ல போட்டுடுவாங்க. விடாதீங்க.

தெரிஞ்ச தெருவுல வழி தப்புறது, காசு கணக்கு தடுமாறுறது, குணம் மாறுறது இதெல்லாம் வேற விஷயம். காதுன்னு நினைச்சுத் தள்ளிப்போடாம உடனே டாக்டரைப் பாருங்க.

17/
அம்மாக்களை மறந்துடாதீங்க. ஆம்பளைங்களுக்கு டீக்கடை, கிளப்னு இருக்கு. அம்மாக்களுக்கு? மீன் கூடையோட நாப்பது வருஷம் மனக்கணக்கு போட்ட அம்மாவை "போதும், ரெஸ்ட் எடு"ன்னு ஒரே நாள்ல உக்கார வைக்கிறோம். தாயம், பல்லாங்குழி, சுயஉதவிக்குழு மீட்டிங், பக்கத்து வீட்டுத் திண்ணை, எதுவா இருந்தாலும் நாலு பேர் சேர்ந்து பேசுற ஒரு இடம் அவங்களுக்கு வேணும். சுடோகுவைக் குறை சொல்லல. பிடிச்சா போடட்டும். ஆனா சுடோகு யாரையும் "ஏன் நேத்து வரல?"ன்னு கேக்காது.

18/
அப்பா மெஷினை ஒரு மாசம் டிராயர்லதான் வச்சிருந்தார். கிரேன்காரர்தான் வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனார். முதல் நாள் ராத்திரி வந்து, "ஸ்ட்ரைக்கர் சத்தம் கேக்குதுடா"ன்னார். வேற எதுவும் சொல்லல. அடுத்த நாள் ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிட்டார்.

19/
ஆனா அந்த ரெண்டு வருஷத்துல, அவரோட இருபது வருஷ டபுள்ஸ் பார்ட்னர் இறந்துட்டார். கடைசியா ஒரு நாள் வீட்டு வாசல்ல நின்னு அப்பாகிட்ட ஏதோ பேசிட்டுப் போனாராம். என்ன பேசினார்னு அப்பாவுக்குத் தெரியாது. கேக்காமலே தலையாட்டியிருக்கார்.

அதை இப்பவும் சொல்லுவார். அப்ப என்கிட்ட பதில் இருக்காது.

இன்னைக்கு சாயங்காலம் உங்க வீட்டுப் பெரியவர் எங்க போறார்னு பாருங்க. எங்கயும் போகலன்னா, பக்கத்துல உக்காந்து ஏன்னு கேளுங்க. கொஞ்சம் மெதுவா, முகத்தைப் பாத்துக் கேளுங்க.