பத்து பெரிங்கியில் காற்றுக்குக் கணக்கு

ஜார்ஜ் டவுன் கொம்தாரில் 101ஆம் எண் பஸ் ஏறினால், தஞ்சோங் புங்காவைத் தாண்டி, மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து நெளிந்து போய்ப் பத்து பெரிங்கியில் இறக்கிவிடுகிறது. பினாங்குத் தீவின் வடகரை இது. முன்னால் மலாக்கா நீரிணை, பின்னால் செங்குத்தாக எழும் காட்டு மலை. காலை பத்து மணிக்குக் கடலில் சுருக்கம்கூட இல்லை. பாராசூட் துணிகள் மணலில் மடிந்து கிடந்தன. பாராசெய்லிங் ஆட்கள் மரநிழலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். வர வேண்டியது காற்று.

அந்தக் குழுவில் கயிறு பார்ப்பவர் ஒரு தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். மலாய்ப் பையன்களும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயணியின் இடுப்பில் வார்ப்பட்டை மாட்டுவது, துணியை விரித்துப் பிடிக்கச் சொல்வது, படகோட்டிக்குக் கை காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கை அசையாமல் படகு நகராது. பதினொன்றரை வாக்கில், மூங்கில் கழியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் லேசாக எழும்பியது. படகோட்டி எஞ்சினை முடுக்கினார். அண்ணன் கை அசைக்கவில்லை. “துங்கு டுலு” என்று மலாயில் அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி. இது மலைக்காத்து, முதுகுப் பக்கமா வருது. கடல்காத்து இன்னும் திரும்பல.”

பாராசெய்லிங்கில் பயணி கடலைப் பார்த்து ஓடித்தான் எழும்ப வேண்டும். எதிர்க்காற்று இருந்தால் நாலு எட்டில் துணி நிறைந்து ஆளைத் தூக்கிவிடும். காற்று மலையிலிருந்து கடலுக்கு வீசினால் ஓட வேண்டிய தூரம் கூடும். இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம்: மணலுக்கு வர வேண்டியவரைக் காற்று தண்ணீருக்குத் தள்ளும். அதனால் இந்த வேலையில் முதல் கேள்வி எவ்வளவு காற்று என்பதல்ல, எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

பகலில் நிலம் சூடேறி, அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெயில் தெளிவாக அடிக்கும் பிற்பகல்களில் மலேசியக் கரைகளில் கடல்காற்று 10 முதல் 15 நாட் வரை எட்டுவது வழக்கம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மேகமில்லாத இரவில் இது தலைகீழாகி, நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். இந்த இரண்டும் மாறும் இடைவேளைதான் அண்ணன் கையை நிறுத்தி வைத்திருந்த நேரம்.

அதே மணலில் இன்னொருவரும் காற்றுக்குக் காத்திருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியியலாளர், விடுமுறை நாளில் கைட்சர்ஃபிங் செய்பவர். கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும் காற்று அவருக்கு வேண்டாம். பிடி தவறினால் காத்தாடி அவரை மணலோடும் மரத்தோடும் இழுத்துச் செல்லும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அதைவிட ஆபத்து, திரும்பி வரவே வழியிருக்காது. கரையை ஒட்டிப் பக்கவாட்டில், சற்றே கரைப்பக்கம் சாய்ந்து வீசும் காற்றுதான் அவருக்குத் தோது. அண்ணனுக்கு நல்ல காற்று அவருக்கு நல்ல காற்று இல்லை.

அவர் அளக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஹோட்டல் சுவரும் சவுக்கு மரங்களும் காற்றை உடைக்காத இடம் தேடி, அலை நுரை காலைத் தொடும் வரை நடந்தார். காற்றைப் பார்த்து நின்று, இரண்டு காதிலும் இரைச்சல் ஒரே அளவாகக் கேட்கும் வரை தலையை மெல்லத் திருப்பினார். அந்தப் பக்கத்தைத் திசைகாட்டியில் படித்தார்: வடமேற்கு. காற்றுக்கு அது வரும் திசையால்தான் பெயர், போகும் திசையால் அல்ல. பிறகு உள்ளங்கை அளவுக் காற்றுமானியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். சின்ன விசிறி ஓடியது, எண்கள் ஏறி இறங்கின. ஒரு எண்ணைப் பார்த்ததும் கையை இறக்கிவிடவில்லை. இரண்டு நிமிடம் பிடித்திருந்து, சராசரியையும் உச்சத்தையும் தனித்தனியே கைபேசியில் பதிந்துகொண்டார். சராசரி 9 நாட், உச்சம் 14.

அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 9 நாட் 14 ஆகும்போது, நின்ற இடத்தில் பிடித்திருக்கும் காத்தாடியின் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். சராசரியை மட்டும் நம்பிப் பெரிய காத்தாடியை எடுத்துப் போகிறவர் அந்த ஒரு வீச்சில் தூக்கி எறியப்படலாம்.

கைபேசியில் முன்னறிவிப்பு கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். வானிலை நிலையங்களில் காற்றைப் பத்து மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில், பத்து நிமிடச் சராசரியாக அளப்பது உலக வழக்கம். ஆள் உயரத்தில் தரை உராய்வால் வேகம் குறையும். பினாங்கு விமான நிலையமோ தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாஸில் இருக்கிறது. அதற்கும் பத்து பெரிங்கிக்கும் நடுவே 833 மீட்டர் வரை உயரும் மலைத்தொடர். மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரைக்கு மலை ஏறி இறங்கித்தான் வர வேண்டும். சீராக வராது, துண்டு துண்டாக, திசை மாறி மாறி விழும். மலைக்கு அந்தப் பக்கத்து எண்ணை வைத்து இந்தப் பக்கம் ஆளை மேலே ஏற்றுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கரையோரமாக மேற்கே போனால் முகா ஹெட் முனை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் அங்கே இருக்கிறது. கடலுக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் கரியமில வாயுப் பரிமாற்றத்தை அளக்க, 2015 முதல் அங்கே மீயொலிக் காற்றுமானி வேலை செய்திருக்கிறது. இந்த வகைக் கருவியில் சுழலும் பாகமே கிடையாது. எதிரெதிர் முனைகளுக்கு நடுவே ஒலித்துடிப்பு போய்ச் சேரும் நேரத்தைக் காற்று கூட்டும் அல்லது குறைக்கும். அந்த வித்தியாசத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வினாடிக்குப் பல முறை கணக்கிட்டுவிடுகிறார்கள். இதே கடலின் மூச்சை அவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்தது.

ஆனால் எந்தக் கருவியும் எண்ணாகக் காட்டுவதற்கு முன்பே அண்ணனுக்குத் தெரிந்துவிடுகிற காற்று ஒன்று உண்டு. அதற்கு இங்கே ‘சுமாத்ரா’ என்று பெயர். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலோ விடிகாலையிலோ நீரிணையைக் கடந்து வரும் இடிமழை வரிசை இது. சில நிமிடங்களில் காற்று பல மடங்காகிவிடும். சில நாள் காலை வெளுத்த பிறகும் வரும்.

“மேற்கே வானத்துக்கு அடியில கறுப்பா ஒரு கோடு தெரியும். அப்புறம் திடீர்னு குளிர்ந்த காத்து முகத்துல படும். அந்தக் குளிர் பட்டுச்சுன்னா காசு வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துடணும் லா, ஆளை ஏத்தக் கூடாது” என்றார் அவர்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. பாராசெய்லிங் விபத்துகளில் இறந்த இரு பெண்களின் பெயரைத் தாங்கிய வைட்–மிஸ்கெல் சட்டம் 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நிலையான காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினாலோ, வீச்சு 25 மைலைத் தாண்டினாலோ, ஏழு மைலுக்குள் மின்னல் இருந்தாலோ யாரையும் மேலே ஏற்றக் கூடாது. 20 மைல் என்பது சுமார் 17 நாட். படகு நடத்துபவர் வானிலையைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. என்னை அதிகம் ஈர்த்தது இந்தப் பதிவேடுதான். எந்த மாதம் எத்தனை மணிக்குக் காற்று திரும்பும், எந்த மேகம் ஏமாற்றும் என்று அண்ணன் பல்லாண்டாகச் சேர்த்ததெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. பொறியியலாளரின் எண்களோ அவருடைய கைபேசியில். இரண்டும் ஒரே நோட்டில் ஏறினால் அடுத்து இந்தக் கயிற்றைப் பிடிக்கப் போகிற பையனுக்கு எவ்வளவு உதவும்!

இதைச் சொன்னபோது பொறியியலாளர் உடனே ஒத்துக்கொண்டார். டிசம்பரில் அவர் கிழக்குக் கரைக்கு, குவாந்தான் பக்கத்துப் பாலோக் கடற்கரைக்குப் போய்விடுவார். வடகிழக்குப் பருவக்காற்று அங்கே 10 முதல் 20 நாட் வரை வீசும், வலுத்தால் 30ஐயும் தொடும். பினாங்கை அடைவதற்குள் நடுவிலுள்ள தித்திவாங்சா மலைத்தொடர் அதன் வேகத்தைத் தின்றுவிடும். அதனால் அந்த மாதங்களில் நோட்டு அண்ணன் கையில் இருக்க வேண்டும் என்றார். அண்ணன் நோட்டை விட்டுவிட்டு ரிப்பனைப் பற்றிப் பேசினார். அதற்குப் பதில், விமான ஓடுபாதை ஓரத்தில் இருப்பது போன்ற காற்றுப்பை ஒன்று வேண்டும். 15 நாட்டில் முழுதாக நிமிரும் பை என்றால் தூரத்துப் படகோட்டிக்கும் தெரியும் என்றார்.

எங்கே நடுவது என்பதில்தான் தகராறு. தடுப்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் பத்து மடங்கு தள்ளி நட வேண்டும் என்பது விதி, ஆகவே மரங்களை விட்டு வெகுதூரம் போக வேண்டும் என்றார் பொறியியலாளர். அவ்வளவு தூரம் போனால் கடலுக்குள்தான் நட வேண்டும், ஏற்றநீர் வந்தால் கம்பம் நிற்காது என்றார் அண்ணன். ஒரு மணிக்குக் கடல்காற்று நிலைத்தது. முதல் பயணி மேலே ஏறினார். அவர் இறங்கியதும், இருவரும் காலடியால் தூரம் அளந்தபடி மரத்திலிருந்து தண்ணீரை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள்.