காற்றைக் கேட்டுக் கடலுக்குப் போங்கள்

ராமேஸ்வரத்துக்கு விடுமுறைக்குப் போகிறேன் என்றால், "கோயிலுக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, மதியம் வேன் பிடித்துத் தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொண்டு, இரவு ரயிலில் ஊர் திரும்புவதுதான் வழக்கமாகிவிட்டது. அந்த மணலையும் தண்ணீரையும் அரை நாளில் விட்டு வர எனக்கு மனசு கேட்பதில்லை. நிதானமாக மூன்று நாளாவது தங்க வேண்டிய கரை அது.

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கில் இருப்பது அமைதியானது என்று அதைப் பெண்கடல் என்றும், தெற்கில் இருப்பது சீறுவது என்று அதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் எந்தக் கடல் எப்போது சீறும் என்பதைத் தீர்மானிப்பது காற்றுதான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தெற்கே நுரை தள்ளும். வடக்கே தண்ணீர் குளம்போலக் கிடக்கும். மார்கழியில் வாடை இறங்கினால் வடகரை புரளும், தென்கரை அடங்கும். பருவத்துக்கு ஏற்ப மீனவர்களே கரை மாறித் தொழிலுக்குப் போகிறார்கள். அதனால் அங்கே போய் இறங்கியதும் என்னென்ன பார்க்கலாம் என்று பட்டியல் தேடுவதை விடுங்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, இப்ப என்ன காத்து?" என்று கேளுங்கள். "கச்சான்தான், தெக்கால இறங்காதீங்க, வடக்கால போங்க" என்று அவர் சொன்னால் அன்றைய திட்டம் முடிந்தது.

குளிக்க வேண்டுமா? கச்சான் காலத்தில் பிள்ளைகளோடு அரியமான் கடற்கரைக்குப் போங்கள்; மண்டபத்துக்கு முன்னால், பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது. பலத்த காற்றையே விரும்புகிறவர்களுக்கு இப்போது கைட் சர்ஃபிங் கற்றுத்தரவும் தீவில் ஆட்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் தீவு முடியும் அரிச்சல்முனையில் மட்டும் எந்தக் காற்றிலும் தண்ணீரில் இறங்காதீர்கள். அங்கே இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிறது. நின்று பார்ப்பதே போதும்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. 1964 டிசம்பர் புயல் ஊரையும், வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோன இடம். 2017இல் முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவரருகே போய்ப் பாருங்கள். கல் என்று நாம் நினைப்பது பவளப்பாறை; கைக்கு எட்டும் இடத்தில் மூளை மடிப்புப் போன்ற வரிகளும், ஊசி குத்தியதுபோன்ற நுண்துளைகளும் தெரியும். ஒரு காலத்தில் உயிரோடு கடலுக்குள் வளர்ந்தவை. அதில் ஒரு துண்டைப் பெயர்த்துப் பையில் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பவளப்பாறை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிரினம். யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

அங்கேயே இன்னொன்றையும் பார்க்கலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைத் தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். பெரிய ஆழமில்லை. முதலில் ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் தெளிந்த நீர் கசிந்து நிறைகிறது. அதைச் சிரட்டையால் அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் வரும். கேட்டால் ஒரு வாய் கொடுப்பார்கள். குடித்துப் பாருங்கள், நன்னீர்தான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அவற்றில் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. காற்று பலமாக இருந்தால் அது ஓடாது.

என்னைக் கேட்டால், ராமேஸ்வரத்தில் செய்யவேண்டிய முதல் காரியம் கரைவலை இழுப்பதைப் பார்ப்பது. இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசிக்கு வந்தவர் கையை விட்டுத் தண்ணீரோரம் ஓடி, ஈரக்கயிற்றை மறுபடி பிடிக்கிறார். மணிக்கணக்கில் இது நடக்கும். வலையின் மடி கரையை நெருங்கும்போது இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கிவிடும், குரல்கள் உயரும். அனுமதி கேட்டுவிட்டு நீங்களும் கொஞ்ச நேரம் இழுங்கள். உள்ளங்கை சிவந்த பிறகு மீனின் விலை நியாயமாகத் தெரியும்.

பள்ளி விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன் குறையும், விலையும் ஏறும். ஆனால் நாட்டுப்படகும் கரைவலையும் நிற்பதில்லை. சாளையும் காரலும் நெத்திலியும் கரையிலேயே கிடைக்கும். அங்கேயே வாங்கிக்கொண்டு போய், தங்கியிருக்கும் வீட்டு அக்காவிடம் கொடுத்தால் புளிக்குழம்பு வைத்துத் தருவார். காரலில் ருசிக்கு ஏற்ற முள்ளும் உண்டு. சின்னப் பிள்ளைகள் கூட வந்திருந்தால் நெத்திலியாகப் பார்த்து வாங்குங்கள்.