கிலோவில் ஏறாத ரோஜா

ஓசூரில் நிமிர்ந்து நிற்கும் பட்டர்கிரீம் ரோஜா பாரூரில் தலை சாய்ந்துவிடும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரியில் இறங்கும்போது சுமார் 500 மீட்டர்தான். அங்கிருந்து காவேரிப்பட்டினம், பாரூர் என்று போகப் போக வெயிலும் கூடும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும். சித்திரை மதியத்தில் பாரூரில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கும்.

ஓசூரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் கேக் வகுப்புக்குப் போயிருந்தேன். வந்திருந்த பெண்கள் பெரும்பாலும் சிப்காட் பக்கம் குடியிருப்பவர்கள். ஒரு பெண் மட்டும் பாரூரிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருந்தாள். ஏரிப் பாசன ஊர், நெல் வயல் சூழ்ந்த வீடு. பிறந்தநாள் கேக்குக்கு இப்போது அங்கேயும் ஆர்டர் வருகிறதாம்.

"இங்க நல்லா நிக்குதுக்கா. ஊருக்குப் போனா இதழெல்லாம் மடங்கிப்போவுது."

"ஃபேன் போட்டா ஆறிடும்னு நெனைச்சிருப்ப. சூடு முதல்ல உன் கையில இருக்கும்மா," என்றார் சொல்லிக்கொடுக்கும் அக்கா.

அது உண்மை. கிரீம் பிழியும் கோனைப் பிடித்திருக்கும் உள்ளங்கைச் சூடே அதை இளக்கிவிடும். அதனால் ஒரே பெரிய கோனை நிரப்பாமல் சின்னதாக இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று கையில், ஒன்று ஃபிரிட்ஜில். வெயில் ஊருக்கு, வெண்ணெயில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு எளிதில் உருகாத பேக்கரி கொழுப்பைச் சேர்க்கச் சொல்கிறார் அக்கா. ருசி கொஞ்சம் குறையும். பூ நிற்கும்.

ரோஜாவுக்குக் கோன் முனையில் 104-ஆம் நம்பர் நாசில். அதன் வாய் ஒரு முனையில் அகலம், மறு முனையில் ஒடுக்கம். அகல முனை கீழே இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் இதழின் அடி மெலிந்து, விளிம்பு தடித்துப்போகும். தட்டையான தலையுள்ள ஆணியில் ஒரு துண்டு பட்டர் பேப்பரை ஒட்டி, நடுவில் கூம்பாக ஒரு மொட்டு. இடது கை ஆணியை உருட்ட, வலது கை வில் போல ஏறி இறங்குகிறது. மொட்டைச் சுற்றி மூன்று இதழ், அடுத்து ஐந்து, அதற்கு வெளியே ஏழு. ஒவ்வோர் இதழும் முந்தையதன் நடுவிலிருந்து கிளம்ப வேண்டும். விளிம்பு பிய்ந்து வந்தால் கிரீம் இறுகிவிட்டது. வழவழவென்று சரிந்தால் இளகிவிட்டது. பூவைப் பேப்பரோடு எடுத்து ஃபிரீசரில் வைத்து, இறுகிய பிறகே கேக்கில் ஏற்றுகிறார்கள். சிவப்பு நிறம்தான் எல்லோருக்கும் தலைவலி. கலரை அள்ளிக் கொட்டினால் கசக்கும். கலந்து சில மணி நேரம் விட்டால் நிறம் தானாகவே ஏறும் என்பதால், இளஞ்சிவப்பிலேயே நிறுத்தச் சொல்கிறார்.

மேஜையில் ஒரு நிஜ ரோஜாவும் இருந்தது. அதன் இதழ்களை ஒவ்வொன்றாக உரித்து, எது எங்கே மடிகிறது என்று பார்க்கவைக்கிறார். இந்தப் பாடப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். ஓசூர், தளி பசுமைக்குடில்களில் விளையும் தாஜ்மஹால் ரோஜா காதலர் தினத்துக்குக் கப்பலேறாமல் விமானமேறிப் போகிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய பேக்கரி ஒன்றில் ஒரு மாஸ்டரைப் பார்த்தேன். பெங்களூரு அய்யங்கார் பேக்கரிகளில் தொழில் பழகியவர். டால்டாவும் சர்க்கரைப் பொடியும் அடித்த ஐசிங்கில் பேச்சுக்கொடுத்துக்கொண்டே ரோஜா சுற்றியவர். பிறகு பாக்கெட் விப்பிங் கிரீம் வந்தது, அவர் ரோஜாவுக்கு வேலை இல்லாமல் போனது. டால்டா ஐசிங் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. டால்டா உட்பட எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதியே இருக்கிறது. ஆனால் அந்த ஐசிங்கோடு ஒரு கைவேலையும் போய்விட்டது. அதைத்தான் இந்த மாடியில் பெண்கள் வெண்ணெயில் மீண்டும் பழகுகிறார்கள்.

கணக்குதான் உதைக்கிறது. கேக்கை நாம் கிலோவில் விலை பேசுகிறோம். நாள் முழுக்கக் குனிந்து சுற்றிய பூக்களை எடை போட்டால் சில நூறு கிராம்தான் வரும். பசுமைக்குடில் ரோஜாவுக்கு எண்ணிக்கையில் விலை, வெண்ணெய் ரோஜாவுக்கு எடையில் விலை. பாரூர்ப் பெண் பூவுக்குத் தனியாகக் காசு கேட்டதில்லையாம். "கேட்டா அடுத்த தடவை வரமாட்டாங்க சார்" என்றாள். அக்காவுக்கு அதில் கோபம். "பூவுக்குத் தனி ரேட் எழுதி ஒட்டு. வேண்டாம்கிறவங்களுக்கு வெறும் கேக்கைக் கொடு" என்றார்.

என் கட்சியும் அதுதான். அடுத்த முறை பூ வைத்த கேக் சொல்லும்போது, கிலோ என்ன விலை என்று கேட்டதோடு நிறுத்தாமல், பூவுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். சொன்னதைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.