அம்மாவிடம் கேள்வியைக் குறைத்தேன்

2024 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹிண்டனுக்கும் அறிவிக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டவர்கள் என்று செய்திகளில் சொன்னார்கள். என் மனத்தில் தங்கியது வேறொன்று. மனிதன் ஒன்றை எப்படி நினைவுகூர்கிறான் என்பதை ஹாப்ஃபீல்ட் காந்தத்தின் கணக்கை வைத்து யோசித்திருந்தார். முதுமை மறதி நோயுள்ள அம்மாவை வீட்டில் வைத்திருக்கும் எனக்கு அதைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

இரும்புத் துண்டில் உள்ள ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணுக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றனவோ, அதற்கேற்பத் தானும் திரும்பும். இப்படி ஒன்றையொன்று இழுத்து, கடைசியில் ஆற்றல் குறைந்த நிலையில் எல்லாம் அமைதியாகும். ஹாப்ஃபீல்ட் 1982-இல் வெளியிட்ட கட்டுரையில் அணுக்களின் இடத்தில் நரம்பணுக்களை வைத்தார். சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்படும் என்று கனடாவின் உளவியல் அறிஞர் டொனால்ட் ஹெப் 1949-இல் சொன்ன கருத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். மேடு பள்ளமான தோட்டத்தில் ஒரு ரப்பர் கொட்டையை உருட்டிவிட்டால் அருகில் இருக்கும் பள்ளத்தில் போய் நிற்கும். ஒவ்வொரு நினைவும் அப்படி ஒரு பள்ளம். முழுச் செய்தியும் வேண்டாம். ஒரு துண்டு கிடைத்தால் போதும், மீதியை அந்தச் சரிவே சேர்த்துவிடும். பாட்டின் முதல் வரி காதில் விழுந்ததும் முழுப் பாட்டும் வருவது இப்படித்தான் இருக்கலாம்.

இந்தக் கணக்கு மறதியையும் காட்டுகிறது. 1,000 நரம்பணுக்கள் கொண்ட மாதிரியில் சுமார் 138 நினைவுகள்தாம் நிற்கும் என்று 1985-இல் கணக்கிட்டார்கள். அதற்கு மேல் திணித்தால் பழையவையும் குலைந்துவிடும். யாரும் பதிக்காத கலவைப் பள்ளங்களும் உண்டு. இரண்டு மூன்று நினைவுகள் அவற்றில் கலந்து கிடக்கும்.

அம்மா டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். "காலையில என்ன சாப்பிட்டீங்க?", "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டால் விழிப்பார், பிறகு கோபம் வரும். ஒரு நாள் பூச்செடி வைத்திருந்த பழைய மங்கு ஒன்றைக் கழுவிக் கையில் கொடுத்தேன். விடியற்காலைப் பெரட்டு, தலையில் கட்டிய விளக்கு, கோட்டுப்பால் சாக்கு, பால் நிறுக்கும் கிராணி என்று வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே போனார். முடிவில் என்னைத் தன் தம்பி பெயரால் அழைத்தார். எனக்கு மாமாவின் முகச்சாயல் என்று ஊரே சொல்லும். முன்பென்றால் அந்த அழைப்பு என்னை வாட்டியிருக்கும். இப்போது, இரண்டு பள்ளங்கள் கலந்துவிட்டன என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூளையை இந்த மாதிரி முழுதாக விளக்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். நம் தலைக்குள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். நோயால் அழிந்த இணைப்புகளை எந்தச் சமன்பாடும் திருப்பித் தராது. ஆனாலும் இந்த வழியில் வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியில் வி. சீனிவாச சக்கரவர்த்தியின் குழு பார்க்கின்சன் நோய் போன்றவற்றைக் கணித மாதிரிகளால் ஆராய்கிறது. அதே ஐஐடியின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது. பிள்ளை இயற்பியலோ கணிதமோ படிக்க ஆசைப்பட்டால், "படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்று கேட்கும் பெற்றோர் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்தும் மருத்துவர் ஆலோசனையும் தொடர்கின்றன. வீட்டில் மாறியது எங்கள் பேச்சுதான். "ஞாபகம் இருக்கா?" என்று அம்மாவைச் சோதிப்பதை நிறுத்திவிட்டோம். ஒரு பழைய படம், ஒரு பாட்டின் முதல் வரி, லயத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் என ஏதாவது ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். சில நாள் ஒன்றும் வராது. வருகிற நாளில், நாங்கள் இதுவரை கேட்டிராத கதையாகவும் இருக்கிறது. என் மகள் அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாள்.