வீட்டுக்காரரின் கையெழுத்து

2025 மார்ச் 4, செவ்வாய்

கவுன்சிலில் இருந்து தொழில்வழிச் சிகிச்சையாளர் வந்திருந்தார். லண்டனில் எல்லோருக்கும் அவர் ‘ஓ.டி.’தான். பக்கவாதத்தில் அம்மாவின் இடப்பக்கம் விழுந்த நாளிலிருந்து எதிர்பார்த்திருந்த வருகை. கிழக்கு லண்டனின் பழைய வரிசை வீடுகள் பலவற்றைப் போல, எங்கள் வாடகை வீட்டிலும் குளியலறை சமையலறைக்குப் பின்னால், ஒரு படி இறங்கிப் போகிற இடத்தில் இருக்கிறது. அந்தப் படியின் உயரத்தை அளந்தார், கதவின் அகலத்தை அளந்தார். பிறகு அம்மாவைக் கதிரையில் நிமிர்ந்து இருக்கச் சொல்லி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை நாடாவைப் பிடித்தார். கழிப்பறை இருக்கை எந்த உயரத்தில் இருந்தால் அம்மா பிறர் தூக்காமல் எழும்பலாம் என்பதற்கான அளவு அது.

தொட்டிக்குள் எப்படி இறங்குகிறீர்கள் என்று கேட்டார். அம்மா வலக்கையால் பேசினின் விளிம்பை இறுகப் பிடித்துக் காட்டினார். ஓ.டி.யின் முகம் மாறிவிட்டது. ஆள் பாரம் தாங்குவதற்காகப் பொருத்திய பேசின் அல்ல அது. சுவர்க் கைபிடிகளை அங்கேயே எழுதிக்கொண்டார். தேவை என்று கண்டால், 1,000 பவுணுக்குள் முடிகிற சிறு மாற்றங்களைக் கவுன்சில் இலவசமாகவே செய்து தர வேண்டும். தொட்டியைக் கழற்றி, தரையை உயர்த்தி, தடுக்காமல் நுழையக்கூடிய ஷவர் போடுவது பெரிய வேலை. அதற்குக் கவுன்சிலிடம் ‘டிசேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட்’ என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிநிதியைக் கேட்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த கிராண்ட் கிடைக்காது என்று பலர் சொன்னார்கள். தவறு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாடகைக் குடியிருப்பாளரும் கேட்கலாம், வீட்டு உரிமையாளரும் தன் குடியிருப்பாளருக்காகக் கேட்கலாம். இங்கிலாந்தில் உச்சவரம்பு 30,000 பவுண். 2008 முதல் அதே தொகைதான். அதற்குப் பிறகு கட்டட வேலைக்கூலி எவ்வளவு ஏறிவிட்டது! வேல்ஸில் 36,000 தருகிறார்கள்.

வருமானத்தைப் பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பது மாற்றுத்திறனாளியின் வருமானத்தையும் அவருடைய துணைவரின் வருமானத்தையும் மட்டுமே. வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருந்தாலும் என் சம்பளம் கணக்கில் வராது. அம்மாவுக்கு, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி கிடைப்பதால் நாங்கள் கட்ட வேண்டிய பங்கு ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளி பிள்ளைகளுக்கென்றால் பெற்றோரின் வருமானத்தையே பார்ப்பதில்லை.

நெஞ்சை உறுத்துவது இன்னொரு பக்கம். அம்மா ஐந்து வருடம் இந்த வீட்டில் இருப்பார் என்று நான் சான்று கொடுக்க வேண்டும். அதே எண்ணம் தனக்கும் உண்டு என்று வீட்டுக்காரரும் கையெழுத்து வைக்க வேண்டும். கையில் இருப்பதோ ஒரு வருட ஒப்பந்தம். அது முடிந்தபின், காரணமே சொல்லாமல் இரண்டு மாத அறிவித்தலில் எங்களை எழுப்ப அவருக்கு வேறொரு சட்டத்தின் 21ஆம் பிரிவு இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அம்மாவுக்கு வாழைப்பழமும் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“பாருங்கோ தங்கச்சி, தொட்டியைக் கழட்டினால் நாளைக்குச் சின்னப் பிள்ளையளோட ஆர் வருவினம்? ஐஞ்சு வருசம் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? மகளின்ர கலியாணத்துக்கு விக்க வேண்டி வந்தால்?”

கெட்ட மனிதர் அல்ல. வங்கிக் கடன் அவர் தலையிலும் இருக்கிறது. அவர் போனபிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மனிசனை அரியண்டப்படுத்தாதை பிள்ளை. எழும்பச் சொன்னால் எங்கை போறது?”

இந்தக் கேள்விதான் எத்தனையோ வீடுகளில் விண்ணப்பத்தை எழுதவே விடாமல் தடுக்கிறது. இந்த 2025–26 நிதியாண்டில் இங்கிலாந்து முழுவதற்கும் 711 மில்லியன் பவுண் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கிய பணம் ஒரு வாடகை வீட்டின் குளியலறைவரை வந்து சேர, கேட்கவே பயப்படுகிற ஒருவர் வாய் திறந்தாக வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் அனுமதியோடு மாற்றம் செய்ய இடம் தந்தால், மாற்றுத்திறனாளிக்கான மாற்றத்தை நியாயமின்றி மறுக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சொல்கிறது. ஆனால் குடியிருக்கிற வீட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட யாருக்குத் துணிவு வரும்?

மே 14, புதன்

கிராண்ட் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்ட வாசகத்தை ஆறுதலாக இருந்து படித்தேன். ஐந்து வருடம், அல்லது உடல்நிலையும் மற்றச் சூழ்நிலைகளும் இடம் தருகிற குறுகிய காலம் என்று இருக்கிறது. வீட்டுக்காரர் எழுதித் தருவது இன்றைய எண்ணத்தை. ஐந்து வருடத்துக்கு வீட்டைக் கட்டிப்போடுகிற பிணை அல்ல. இதை நான் சொல்வதைவிட கிராண்ட் அதிகாரி சொன்னால் எடுபடும் என்று அவரையே வீட்டுக்காரரோடு பேச வைத்தேன். பொறுமையான மனிதர். விற்கும்போது ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கிற விதி, வீட்டு உரிமையாளரே விண்ணப்பிக்கும்போதுதான் வரும், உங்களுக்கு இல்லை என்று விளக்கினார். புதிய குளியலறையின் வரைபடத்தையும் அனுப்பிவைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டுக்காரர் கையெழுத்து வைத்துவிட்டார்! கழிவுநீர்க் குழாயைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

வரைபடம், செலவு மதிப்பீடு, இரண்டு சான்றுகள் எல்லாவற்றையும் சேர்த்து நாளை கொடுக்கிறேன். முழுமையான விண்ணப்பம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். ஓ.டி.க்காகக் காத்திருந்த காலமும் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்த காலமும் அந்த ஆறு மாதத்தில் சேராது. இந்தச் சான்றைத் தர மறுக்கிற வீட்டுக்காரர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அதற்கு ஒரு தவணை வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் பயந்து கேட்கும் நிலை பாதி குறையும்.

ஒக்டோபர் 9, வியாழன்

அனுமதி ஓகஸ்டிலேயே வந்தது, வேலை இந்த வாரம் முடிந்தது. தண்ணீர் வடிகாலுக்கு ஓடும்படி தரையை மெல்லச் சரித்து, வழுக்காத வினைல் விரித்து, அதைச் சுவரிலும் சற்றே ஏற்றி, மூட்டுகளைச் சூடாக்கி ஒட்டினார்கள். ஷவருக்கு இடுப்பளவு உயரமுள்ள அரைக் கதவு. குளிப்பாட்டுகிறவர் வெளியே நின்றபடி கையை நீட்டலாம். அம்மா மடக்கு இருக்கையில் இருந்து, ஷவரை வலக்கையில் வாங்கி, தானே தலைக்கு ஊற்றினார். முதுகை மட்டும் என்னிடம் விட்டார். என் உடுப்பு நனையவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வாடகைக் குடியிருப்பாளர் உரிமைச் சட்டத்துக்குப் போன மாதம் 27ஆம் திகதி அரச ஒப்புதல் கிடைத்தது. 2026 மே 1 முதல் 21ஆம் பிரிவு இல்லை என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள். வீட்டை விற்கப் போகிறேன் என்று உரிமையாளர் இனியும் எழுப்பலாம். ஆனால் குடியிருப்பின் முதல் வருடத்தில் முடியாது, நான்கு மாத அறிவித்தலும் தர வேண்டும். பயம் முழுதாகப் போகாது. என்றாலும், காரணம் சொல்லாமல் எழுப்ப முடியாது என்பதே கேட்பவருக்குப் பெரிய பலம்.

கோயிலில் ஒரு அக்கா பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் சக்கர நாற்காலியில். வாசலில் இரண்டு படி. கவுன்சிலிடம் டெலிபோனில் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாராம். ஓ.டி. பார்வைக்கு இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், விண்ணப்பப் படிவத்தையும் எழுத்திலேயே கேளுங்கள், பதில்களைத் திகதியோடு வைத்திருங்கள் என்றேன். வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரோடு நானும் போகிறேன். ஐந்து வருடம் பற்றிய அந்தச் சட்ட வாசகத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.