தேன் உண்மையிலேயே மருந்தா?

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை என்றால் வடசென்னையில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. நூறு வருடங்களைத் தாண்டிய பிரசவ ஆஸ்பத்திரி. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவராவது அங்கே பிறந்திருப்பார்.

இந்தப் பக்கத்து வீடுகளில் குழந்தை பிறந்ததும் வரும் முதல் பஞ்சாயத்து பெயர் வைப்பதைப் பற்றி இல்லை. சேனை வைப்பதைப் பற்றித்தான். பிறந்த குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவுவதற்குப் பெயர் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் சித்தப்பாவா, தாய்மாமனா என்று போட்டியே நடக்கும்.

"ஆயா, தேன் குடுக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க."

"அவங்க சொல்லுவாங்க. ஒனக்கும் நான்தான் வெச்சேன். நல்லாத்தானே கீற?"

இந்த மாதிரி பேச்சு பல வீடுகளில் நடந்திருக்கும். ஆயாவின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அந்தப் பெண்ணும் சும்மா இருந்துவிடுவாள். ஆயா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது அல்லவா? தேன் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் சூரணம் வாங்கினால் தேனில் குழைத்துச் சாப்பிடு என்கிறார்கள். அப்படியிருக்க ஒரு சொட்டு எப்படிக் கெடுதல் ஆகும்?

முதலில் தேனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நூறு கிராம் தேனில் சுமார் 80 கிராம் சர்க்கரைதான். ஃப்ரக்டோஸ் கொஞ்சம் அதிகம், குளுக்கோஸ் கொஞ்சம் குறைவு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். வைட்டமின், தாது உப்பு, ஆன்டி ஆக்சிடன்ட் எல்லாம் இருப்பது உண்மை. ஆனால் ஸ்பூன் கணக்கில் சாப்பிடும்போது அவை உடம்புக்குப் பெரிதாக உதவும் அளவு இல்லை. தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் சுமார் 16 கலோரி, ஒரு டீஸ்பூன் தேனில் சுமார் 21 கலோரி. தேன் கனமானது, அதனால்தான் இந்த வித்தியாசம்.

ஆகவே காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்து இளைத்தவர்கள், தேனால் இளைக்கவில்லை. அதற்கு முன்னால் குடித்துக்கொண்டிருந்த சர்க்கரை போட்ட டீயை விட்டதாலோ, நடக்க ஆரம்பித்ததாலோ இளைத்திருப்பார்கள்.

"சுகர் இருக்கிறவங்க சர்க்கரைதான் சாப்பிடக் கூடாது, தேன் சாப்பிடலாம்" என்பதும் தப்பு. தேன் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகம் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஏற்றாது என்று அர்த்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில் தேனையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்துக் கோடிப் பேருக்கு மேல். இதில் எத்தனை பேர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு "இது இயற்கை" என்று இரண்டு ஸ்பூன் தேனையும் விழுங்குகிறார்களோ!

அப்படியானால் தேனின் பெருமை எல்லாம் கட்டுக்கதையா? இல்லை. இரண்டு விஷயங்களில் அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

ஒன்று, இருமல். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் 105 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். தூங்கப் போகும் முன் சிலருக்குத் தேன், சிலருக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து, சிலருக்கு எதுவும் இல்லை. பெற்றோர்கள் அதிக மார்க் போட்டது தேனுக்கு. பிறகு 2018-ல் காக்ரேன் அமைப்பு ஆறு சோதனைகளை, மொத்தம் 899 குழந்தைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. சளிக் காய்ச்சலோடு வரும் இருமலை, எதுவுமே கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் குறைக்கக்கூடும் என்று சொன்னது. அதுவும் மூன்று நாள் வரைக்கும்தான்.

இரண்டாவது, தீப்புண். தேனில் தண்ணீர் குறைவு, புளிப்பும் உண்டு. அதனால் கிருமி அதில் வளர முடியாமல் திணறும். அதோடு, தேனீ சேர்க்கும் ஒரு என்சைம், தேன் நீர்த்துப்போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. ஆழமில்லாத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் நாலைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்று 2015-ல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அங்கே பயன்படுவது கிருமி நீக்கிய மருத்துவத் தேன். அடுப்படி பாட்டிலில் இருப்பதை எடுத்துச் சுட்ட புண்ணில் ஊற்றினால் அதே பலன் வரும் என்று நினைக்கக் கூடாது.

இருமல் என்றதும் எண்ணூரை நினைக்காமல் இருக்க முடியாது. ராயபுரத்து வீடுகளில் ஒரு காலத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசி வந்து படியும். 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அது எண்ணூர்ப் பக்கம் போயிற்று. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் கைக்குழந்தைகளோடு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். சோதனைகளில் தேன் தணித்தது சளியால் வந்த இருமலை. புகையாலும் தூசியாலும் மாதக்கணக்கில் வரும் இருமலுக்கும், வீசிங்குக்கும், காச நோய்க்கும் தேன் மருந்தாகாது. "தேன் குடுத்திருக்கோம், சரியாயிடும்" என்று இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

இதற்கு நடுவே இன்னொரு கூத்தும் உண்டு. பாட்டிலில் இருப்பது தேன்தானா? அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்து முடிவை வெளியிட்டது. ஜெர்மனியில் செய்த என்.எம்.ஆர். சோதனையில் தேறியவை மூன்றே மூன்று. நிறுவனங்கள் இதை மறுத்தன. கரும்புப் பாகைக் கலந்தால் பழைய சோதனைகளிலேயே பிடித்துவிடலாம். கரும்பு கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு, தேனீ தேடிப் போகும் பெரும்பாலான பூச்செடிகளின் விதம் வேறு. நெல்லோ அந்தப் பூச்செடிகளின் ஜாதி. அதனால் அரிசிப் பாகு அந்தச் சோதனையில் நழுவிவிடுகிறது. பாகு மலிவு, தேன் விலை அதிகம். மற்றதை வியாபாரம் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகும், தீக்குச்சியில் தடவினால் எரியும், நாய் நக்காது என்று வீட்டில் செய்யும் சோதனைகள் இந்தப் பாகு முன்னால் நிற்காது. ரோட்டோரம் அலுமினியப் பாத்திரத்தில் தேனடையை மேலே வைத்து "மலைத்தேன்" என்று விற்கிறார்களே, அங்கேயும் கண்ணால் பார்ப்பது அடையை மட்டும்தான். அடியில் இருப்பது என்ன என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

இப்போது ஆயாவின் கேள்விக்கு வரலாம்.

அசல் தேனிலும், எவ்வளவு சுத்தமாக எடுத்த தேனிலும், கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் இடம் பிடித்திருப்பதால் அந்த வித்து முளைக்க முடியாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே வித்து முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல். பிறகு பால் உறிஞ்சும் வேகம் குறையும், அழுகை மெலியும், கழுத்து துவண்டு போகும். முற்றினால் மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடும். குழந்தைகளுக்கு வரும் இந்த நோயை 1976-ல்தான் மருத்துவ உலகம் அடையாளம் கண்டது. காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

இந்த நோய் அபூர்வம். அதனால்தான் ஆயா வைத்த சேனைகளில் எதுவும் ஆகாமல் போயிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ட அனுபவம் அது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால்? அந்த ஒரு சொட்டால் குழந்தைக்கு வரும் லாபம் பூஜ்யம். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். நஷ்டம் வந்தாலோ, அது ஒரு உயிர். லாபமே இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய முதலை யாராவது போடுவார்களா?

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குச் சளி இருமல் வந்தால், படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம். பெரியவர்களும் ருசிக்காகக் கொஞ்சம் சாப்பிடலாம், அதைச் சர்க்கரைக் கணக்கில் எழுதிக்கொண்டு. பிறந்த குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

சேனை வைக்கிற ஆசையை என்ன செய்வது? ஆயாவின் மடியில் குழந்தையைக் கொடுத்து, உச்சியில் ஒரு முத்தம் வைக்கச் சொல்லலாம். குணம் வருவதாக இருந்தால் அதிலேயே வந்துவிடும்.